அப்பா டெம்பரரி

கண்விழித்தபோது அப்பா வீட்டில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இல்லை. தீபாவளி இல்லை. வாரத்தின் நடுவே ஒரு புதன்கிழமை. மற்ற நாட்களில் நான் எழுவதற்குள் துறைமுகத்து லாரி அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். அவருக்குப் பதிலாக ஆணியில் மாற்றுச் சட்டை தொங்கும். அதில் கொப்பரை நாற்றம் அடிக்கும். பையைத் தட்டினால் கொப்பரையில் வாழும் சின்னக் கறுப்பு வண்டுகள் உதிரும்.

அன்று அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் பளபளக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரி தாயி. தேக்கா மார்க்கெட்டுக்குப் போலாம். இன்னைக்கு பிரேக்கு."

பிரேக் நாள்! நான் பாயைச் சுருட்டக்கூட இல்லை. அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாம். அம்மாவே ஒன்றும் சொல்ல மாட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி.

மார்க்கெட்டின் ஈரத் தரையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கறிக்கடை பாய் தூரத்திலேயே பார்த்துவிடுவார்.

"என்ன மாணிக்கம், வெள்ளையும் சொள்ளையுமா? மாப்பிள்ளையாகப் போறியா, பிரேக்கா?"

"பிரேக்குதான் பாய். தொடையில வெட்டுங்க. எலும்பைப் போட்டு ஏமாத்தாதீங்க, எம்பொண்ணு இங்கிலீசு படிக்குது, கணக்குப் பார்த்துரும்."

அடுத்து பழக்கடை. அங்கேதான் நேரமாகும். சின்னச் சின்னதாக, தங்க நிறத்தில் இருக்கும் பீசாங் மாஸ் வாழைப்பழத்தை ஒவ்வொரு சீப்பாகத் தூக்கிப் பார்ப்பார். காம்பை முகர்வார். ஒரு பழத்தில் கறுப்புப் புள்ளி இருந்தாலும் அந்தச் சீப்பு வேண்டாம். எனக்குக் கால் வலிக்கும்.

"இது நல்லாத்தான்ப்பா இருக்கு."

"நமக்குன்னா போதும். இது மண்டோருக்கு."

பழச்சீப்பு, வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லிகை. இவற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு அப்பாவும் அவரைப் போன்ற டெம்பரரி ஆட்களும் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் இருந்த மண்டோர் வீட்டுக்குப் போவார்கள். துறைமுகத்து வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வைக்காரருக்கு மண்டோர் என்று பெயர். அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி தட்டைக் கண்ணால் காட்டுவார். அவர் மனைவி வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

"துரைகிட்ட நான்தான்யா சொன்னேன். மாடுகூட ஒரு நாள் நிக்குது, மனுசனுக்கு ரெஸ்ட் வேணாமான்னு. அதான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா இந்த பிரேக்கு. போய்க் கறியும் சோறும் தின்னுட்டு நாளைக்கு வந்து புதுசா கைநாட்டு வையுங்க."

எல்லோரும் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன்.

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம்

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் கசப்பாகவே எழுதுகிறேன் என்று கேலாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இளம்பெண்ணுக்கு இவ்வளவு கசப்பு ஆகாதாம். உண்மைதான். இனிப்பு எங்கே போயிற்று என்பதை இந்த வாரம் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எந்த மொழியிலும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அவளுக்கு ஓர் ஆங்கிலச் சொல் தாய்ப்பாலோடு வந்த சொல்லைப் போலத் தெரியும். டெம்பரரி.

'தற்காலிகம்' என்றால் அவளுக்குப் புரியாது. பிராஸ் பசா ரோட்டில் பழைய அகராதி வாங்கியபோது, முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடினேன். 'தற்காலிகமான, சிறிது காலத்துக்குரிய' என்று போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். "அதென்னடி அய்யர் பாசை? டெம்பரரின்னு சொல்லேன், வெளங்கும்" என்றாள்.

நாங்கள் இருந்தது சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடி. பலகை வைத்துத் தடுத்த அறைகள், ஆறு குடும்பங்கள், ஒரு சமையலறை, ஒரு குழாய். எங்கள் சன்னலுக்குக் கதவில்லை. அம்மா சாக்கைக் கிழித்துக் கட்டியிருந்தாள். "டெம்பரரியா கட்டியிருக்கேன், கதவு போட்டுருவாரு" என்பாள். நான் பிறந்தபோதும் அதுதான் தொங்கியது. என் தங்கை ராணி பிறந்தபோதும் அதுதான். சாக்கு மட்டும் மாறும்.

அடுத்த அறைப் பொன்னம்மா அக்காவின் கணவர் நகராட்சியில் வேலை செய்தார். பெர்மனென்ட். அந்தச் சொல்லை அக்கா கழுத்துச் சங்கிலியைப் போல வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வாள். அவர்களுக்குக் குவாட்டர்ஸ் வரப்போகிறது, தனிக் குழாய் வரப்போகிறது என்று நாள்தோறும் குழம்பு கொதிக்கும்போது அதுவும் கொதிக்கும்.

"என்னடி, ஓங் குழம்பு இப்பிடித் தண்ணியா ஓடுது? அதுவும் டெம்பரரியா?" என்று கேட்பாள்.

அம்மா கரண்டியை வைக்காமல் பதில் சொல்வாள். "ஆமாக்கா. ஓங் குழம்பு பெர்மனென்ட். நேத்து வச்சது, நாளைக்கும் அதுதான்."

சமையலறையே சிரிக்கும். ஆனால் அறைக்குள் வந்ததும் அம்மாவின் முகம் மாறிவிடும்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் எந்த ஊர், என்ன குலம் என்று கேட்பதற்கு முன்பே எங்கள் மாடியில் ஒரு கேள்வி கேட்பார்கள். மாப்பிள்ளை பெர்மனென்டா, டெம்பரரியா? டெம்பரரி என்றால் காப்பியோடு அனுப்பிவிடுவார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த இரண்டு சொற்கள் நம்மவர்களுக்குள் இரண்டு புதுச் சாதிகளை உண்டாக்கியிருந்தன. அதில் நாங்கள் கீழ்ச்சாதி.

வகுப்பில் நான் சொன்ன வாக்கியம்

ஆங்கிலப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் நடத்தியவர் ஒரு யுரேஷிய ஆசிரியை. கஞ்சி போட்ட கவுன், லாவண்டர் வாசனை. கரும்பலகையில் சொற்களை எழுதிப்போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்கியம் கேட்பார்.

ஒருநாள் பலகையில் அந்தச் சொல் இருந்தது. முதல்முறையாக அதை எழுத்தில் பார்க்கிறேன். எங்கள் வீட்டுச் சொல்! வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத சொல் எனக்குத் தெரிகிறதே என்று கையைத் தூக்கினேன். எழுந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என் அப்பா டெம்பரரி."

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை.

"அப்பாக்கள் டெம்பரரி ஆக மாட்டார்கள், குழந்தாய். கூடாரம் டெம்பரரி. மழைக்கு ஒதுங்கும் கொட்டகை டெம்பரரி. அப்பாவின் வேலை டெம்பரரி என்று சொல். எத்தனை மாதமாக அங்கே வேலை செய்கிறார்?"

"நான் பிறப்பதற்கு முன்பிருந்து, மிஸ்."

அவர் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "உட்கார்" என்றார். அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் அடுத்த சொல்லுக்குப் போனார்கள்.

பக்கத்து மேசை

படித்து முடித்தேன். எங்கள் மாடியிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போன முதல் பெண் நான். தட்டச்சு வேலை. படியிறங்கும்போது பொன்னம்மா அக்கா குழாயடியில் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். நானும் நிமிர்ந்துதான் போவேன். ஏன் குனிய வேண்டும்?

பக்கத்து மேசையில் என்னைவிட மூத்த சீனப் பெண். மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் அவள் எங்கள் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறை கேட்டால் முகத்தைத் தூக்குகிறான் என்று.

"எங்கள் அப்பா கம்பெனி அப்படி இல்லை" என்றேன். "டெம்பரரி ஆட்களுக்குக்கூட ஆறு மாதத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்கிறார்கள். மறுநாள் புதிதாகக் கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள்."

அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"புதிதாகவா?"

"ஆமாம்."

"ஐயோ, அது ஓய்வு இல்லை லா. ஒரு நாள் வேலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மறுநாள் புது ஆளாகச் சேர்க்கிறார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் பெர்மனென்ட் ஆக்கச் சொல்வான் இல்லையா? அதனால் அறுத்துவிடுகிறார்கள். என் மாமாவுக்கும் இப்படித்தான். உனக்கு இதுகூடத் தெரியாதா?"

நூலை நீளவிடாமல் அவ்வப்போது கத்தரித்துக்கொண்டே இருப்பது. அந்தக் கத்தரிக்கு நாங்கள் மல்லிகைப்பூ சாத்தியிருக்கிறோம்.

என் சோற்றை நான் மூடிவைத்துவிட்டேன்.

ஜூரோங்குக்குப் போகிறவர்கள்

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் கம்பெனி இடம் மாறப்போவதாகச் செய்தி வந்தது. தீவின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில் புதிய கிடங்கு. மூட்டை தூக்க இயந்திரம் வரும், ஆள் குறைவாகப் போதும், பெர்மனென்ட் ஆட்கள் மட்டும் அங்கே போவார்கள், மற்றவர்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம்.

அப்பா கலங்கவில்லை.

"மண்டோர் எம் பேரைச் சொல்லிருவாரு. இத்தனை வருசம் அவரு கண்ணு முன்னாடி மூட்டை தூக்கியிருக்கேன். இந்தத் தடவை பெர்மனென்ட் ஆக்கிருவாங்க, பாரு."

நான் பிரேக் நாளைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றாக, அவருக்குப் புரிகிற மாதிரி. அம்மா முறத்தில் இருந்த அரிசியைப் புடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

அப்பா தலையை ஆட்டினார். "நீ படிச்ச புள்ள, ஆபீசுக் கதை ஆயிரம் கேப்ப. மண்டோர் அப்பிடிப்பட்ட ஆளு இல்லம்மா. அவருதான துரைகிட்டப் பேசி ரெஸ்டு வாங்கிக் குடுத்தாரு?"

"அப்போ நானே துரைகிட்டக் கேக்குறேன். வாங்க."

"நீயா? பொம்பளப் புள்ள வந்து நின்னா..."

"இங்கிலீசு ஆம்பள பொம்பள பாக்காதுப்பா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கூட்டிட்டுப் போங்க. இதுக்குத்தான படிக்க வச்சோம்" என்றாள்.

நாற்காலி

துரையின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் மண்டோர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாய்வு நாற்காலியில் பார்த்த ஆள் இல்லை அவர். இங்கே பாதியாகச் சுருங்கியிருந்தார்.

"நீ எதுக்கும்மா? நான் சொல்றேன் துரைகிட்ட" என்றார்.

நான் அவரைத் தாண்டிப் போய், ஆங்கிலத்தில், "என் தந்தைக்காக நான் பேசுவேன்" என்றேன்.

துரை எழுந்து, எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். ஒன்றே ஒன்று. அப்பா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. யார் கற்றுக்கொடுத்தார்கள்?"

"உங்கள் கம்பெனியின் சம்பளம்" என்றேன். அவர் சிரித்தார். மரியாதையான மனிதர்தான். அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"இவர் எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேசைமீது இருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"போன மார்ச் மாதத்திலிருந்து."

"நான் பிறப்பதற்கு முன்பிருந்து."

"அது வேறு. அவையெல்லாம் தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றும் முடிந்தது, பிறகு புதிதாகத் தொடங்கியது. அவர் டெம்பரரி. அந்தச் சொல்லின் பொருள் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்."

தெரியும் என்றேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆறு மாதத்துக்கு ஒரு நாள் இவரை நிறுத்தியது எதற்காக? அதை இவருக்கு யார் விளக்கினார்கள்?"

துரை மண்டோரைப் பார்த்தார். மண்டோர் என்னிடம் பேசவில்லை. அப்பா பக்கம் திரும்பினார். குரலில் அத்தனை அன்பு.

"மாணிக்கம், நீயே சொல்லுய்யா. நான் கட்டாயப்படுத்தியா நிக்க வச்சேன்? பூவும் பழமுமா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னீங்களே, நான் கேட்டனா? சந்தோசமாத்தான கொண்டாந்த?"

அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு சொன்னார்.

"சந்தோசமாத்தாங்க கொண்டாந்தேன்."

"என்ன சொல்கிறார்?" என்று துரை கேட்டார்.

அதை ஆங்கிலத்தில் சொல்ல அந்த அறையில் இரண்டு வாய்கள் இருந்தன. மண்டோர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்கிறார். அந்த நாள் என்னவென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதனால் சந்தோஷமாக இருந்தார்."

துரை பதிவேட்டை மூடினார்.

"யாராவது சொல்லியிருக்கலாம்தான்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். அவரும் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் அப்பா சன்னலோரம் உட்கார்ந்தார். கடல் ஓரத்துக் கிடங்குகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"போன மார்ச்சுலதான் நீங்க சேந்தீங்களாம்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, எதிர்பாராமல், சிரித்தார்.

"அப்போ நான் இன்னும் புது ஆளு!"

அந்தச் சிரிப்பு எங்கள் நிறுத்தம் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. அதன்பின் அவர் வாயிலிருந்து மண்டோர் என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

மறுபடி ஒரு புதன்கிழமை

மாதக் கடைசியோடு கணக்கு முடித்தார்கள். ஜூரோங்குக்குப் போகும் லாரி பெர்மனென்ட் ஆட்களோடு போயிற்று.

மறுநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல இருட்டிலேயே எழுந்து, குளித்து, போக இடமில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆணியில் கொப்பரைச் சட்டை தொங்கியது. அம்மா அதைத் துவைக்கவில்லை.

ராணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஐ! அப்பா வீட்ல இருக்காரு! இன்னைக்கு பிரேக்கா? கறியாப்பா?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னம்மா அக்கா பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். எழுந்து, பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார். பையை எடுத்தார். "ஆமா தாயி. கறிதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் திரும்பி வருவதற்கு வெகுநேரமாயிற்று. எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் போகவில்லை. கறியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் பைக்குள் மறுபடியும் கைவிட்டார். ஒரு சீப்பு பீசாங் மாஸ். ஒரு புள்ளி இல்லை. காம்பு பச்சையாக இருந்தது.

"இது யாருக்குங்க?" என்றாள் அம்மா.

அப்பா தம் கையைப் பார்த்தார். யாரோ அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப் போலப் பார்த்தார். கடைக்காரனிடம் ஒவ்வொரு சீப்பாகத் தூக்கி, முகர்ந்து, தேடித்தான் வாங்கியிருப்பார். கை அத்தனை வருடம் செய்ததைச் செய்திருக்கிறது. பழத்தைக் கீழே வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

நான் போய் வாங்கிக்கொண்டேன். ஒன்றைப் பிய்த்து ராணிக்குக் கொடுத்தேன். ஒன்றை அம்மாவின் கையில் வைத்தேன். ஒன்றை உரித்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதை நானே தின்றேன்.

நல்ல இனிப்பு. மண்டோர் வீட்டில் இத்தனை வருடமும் இதைத்தான் தின்றிருக்கிறார்கள். எங்களுக்கு அதுதான் முதல் தடவை.